கங்காணி வைத்த கெடு

சுகன்யாவுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. அவளுடைய அப்பா சுப்புராயன், கூடப்பிறந்த அண்ணனோடு பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் பாகூர் ஏரித் தண்ணீரில் விளைகிற நிலம். நடுவில் ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு. இந்தப் பக்கம் மாடு விழுந்து கிடந்தாலும் அந்தப் பக்கத்துக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். சண்டைக்குக் காரணம் ஒரு வேப்பமரம். மரத்தை வெட்டி விற்றும் ஆகிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. சில வீடுகளில் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். இவர்கள் வீட்டில் வாய் மூடிக்கொள்ளும்.

இந்த வருஷம் சுப்புராயனுடைய இரண்டு காணியிலும் சம்பா நன்றாக வந்திருந்தது. அறுப்பு மெஷின் வந்து இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மெஷினுக்கு அவருடைய முறை ஒன்பது என்று மகள் வீட்டுக்குள் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பி அவர் வேறு புரோக்கர் யாரையும் தேடிப் போகவில்லை. தை மழை ஒன்று பாக்கி இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோதும் அவர் கவலைப்படாமல் இருந்தார்.

முறை அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், முறை போடுகிற புரோகிராமை எழுதியவளே அவள்தான். வில்லியனூரில் ஷேக் மைதீன் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில், ஒன்பது பேர் வேலை செய்கிற கம்பெனி. முதலாளி உலகநாதன். வெளியூரிலிருந்து பெல்ட் வண்டி என்கிற அறுப்பு மெஷின்களை ஒப்பந்தம் பேசி வரவழைப்பது அவர் வியாபாரம். நவம்பரில் விவசாயிகள் பெயரையும் நட்ட தேதியையும் போனில் பதிந்துவிடுவார்கள். சுகன்யாவின் புரோகிராம் அதை வைத்து வரிசை கட்டும். யாருக்கு எத்தனையாவது முறை என்பது அறுப்புக்கு முதல் நாள் சாயங்காலம்தான் மெசேஜில் போகும். முன்கூட்டியே சொன்னால் முறையை விற்றுவிடுவார்கள் என்று அவளே யோசித்து வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், தன் வீட்டுக்கு மட்டும் அதை அவள் தளர்த்திக்கொண்டாள்.

கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சர்வர்கூடக் கிடையாது. எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய கம்பெனியின் மெஷின்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கிளவுட் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதான். ஒருவரும் தொடாமல் சும்மா கிடந்தாலும் வாடகை ஓடும். அந்தச் செலவைக் கண்காணிக்க உலகநாதன் போன வருஷம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். எந்த சர்வர் யார் பெயரில் இருக்கிறது, எது வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். அதன் ஆங்கிலப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆபீஸில் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்.

கங்காணிக்குப் பொறுப்பாளன் புகழ்வேந்தன், சுத்துக்கேணிக்காரன். வேலையில் கெட்டிக்காரன், வாயில் அடக்கம் கிடையாது. போன மே மாதம் மெஷின் உரிமையாளர்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தபோது, சுவரில் செலவுப் படத்தைப் போட்டுக் காட்டி, பொங்கல் லீவு முழுக்க சுகன்யாவின் சர்வர் ஒன்று சும்மா ஓடியதை விரலால் தட்டினான். "வூட்டு மோட்டாரா இருந்தா இப்படி ஓட வுட்டுட்டுப் போவாங்களா? அடுத்தவன் காசு" என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். உலகநாதனும் சிரித்தார்.

அன்றோடு சுகன்யா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். அவனும் மன்னிப்பு கேட்கிற ஜாதி இல்லை. இரண்டு மேஜைக்கும் இடையில் ஆறடி. நடுவில் உட்கார்ந்திருந்த மாலிக்தான் தபால்காரர் ஆனார். நாற்பது வயது மனுஷன், விவசாயிகளின் போனுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. பாய், அவர்கிட்ட பாஸ்வேர்டு கேளுங்க என்பாள் இவள். பாய், மேஜைல எழுதி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க என்பான் அவன். இரண்டுமே அவர் காதில் விழுவதற்கு முன்னால் எதிராளி காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டு மாதம் அந்த மனுஷன் அதைச் சகித்தார்.

இன்னொரு காரியமும் சுகன்யா செய்திருந்தாள். புகழ்வேந்தனிடமிருந்து வருகிற மெயில் எல்லாம் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குள் போய் விழும்படி செய்தாள். அந்த ஃபோல்டருக்குக் குப்பை என்று பெயர் வைத்தாள். அதை அவள் திறப்பதே இல்லை.

நவம்பரில் கங்காணிக்குப் புது வெர்ஷன் வந்தது. "நிறுத்திப் பார்" என்று ஒரு வசதி. முப்பது நாளாக யாரும் தொடாத சர்வரை நிறுத்திவிடலாம். யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஒரு அறிவிப்பு போகும். அதில் "எனக்கு வேண்டும்" என்று ஒரு பட்டன். அமுக்கினால் சர்வர் எழுந்துவிடும். அமுக்காவிட்டால் இன்னொரு முப்பது நாள் பார்த்துவிட்டு ஒரேயடியாக அழித்துவிடும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் புகழ்வேந்தன் இதை விளக்கினான்.

"எங்கூர்ல ஒரு கெளை வாய்க்கா யாருதுன்னு தெரியலன்னா இன்னா பண்ணுவோம்? மண்ண வெட்டிப் போட்டு அடைச்சிடுவோம். எவன் நெலம் காயுதோ அவன் மம்பட்டியோட வந்து கத்துவான். அதே கததான் இது."

எல்லாருக்கும் புரிந்தது. சுகன்யாவுக்கும் நன்றாகவே புரிந்தது. முப்பது நாள் என்பதை மனதில் குறித்துக்கொண்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் ஒரு வெர்ஷன். இந்த முறை கூட்டம் போடவில்லை, மாற்றங்களைப் புகழ்வேந்தன் மெயிலில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினான். மூன்றே மூன்று மாற்றம். காத்திருக்கும் காலம் முப்பது நாளிலிருந்து பதினான்காகக் குறைகிறது. சர்வரோடு அதன் பழைய நகல்களும் சேர்ந்து அழியும், ஏனென்றால் நகலுக்கும் வாடகை. அறிவிப்பை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று இனிமேல் பதிவாகும். எட்டு பேர் அதைப் படித்தார்கள். ஒன்பதாவது ஆளுக்கு அது குப்பைக்குப் போனது.

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. கங்காணியிடமிருந்து நேராக சுகன்யாவுக்கு அறிவிப்பு வந்தது. டெஸ்ட்-2 என்ற சர்வர் நிறுத்தப்பட்டுள்ளது, காத்திருப்புக் காலம் முடிந்ததும் நீக்கப்படும் என்று இருந்தது. எந்தத் தேதியில் என்று போடவில்லை. தேதி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று அதை எழுதியவனைத்தான் கேட்க வேண்டும்.

டெஸ்ட்-2 என்றால் என்ன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் சோதனைக்காக ஆரம்பித்தபோது வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன தாத்தா பெயரிலேயே கரண்டு பில் கட்டுகிற ஊரில் இதெல்லாம் யாருக்கும் விசித்திரமாகப் படாது. அறுப்பு முறை மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. நூற்று எண்பத்தாறு விவசாயிகள், நட்ட தேதி, வரிசை எல்லாம். நவம்பரில் பதிவு முடிந்து ஜனவரியில் மெஷின் வரும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள். அதனால் கங்காணியின் கண்ணுக்கு அது சோம்பேறி.

உடனே பட்டனை அமுக்கித் தொலைத்திருக்கலாம். மவுஸை அதன் மேல் கொண்டுபோகவும் செய்தாள். அந்த நேரம் பார்த்து மாலிக் தொண்டையைக் கனைத்தார்.

"சுகன்யா, டெஸ்ட்-2 உனக்கு வேணுமோன்னு அவருக்கு ஒரு சந்தேகம். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா அவரே திருப்பிப் போட்டுடறாராம். பட்டன்கூட அமுக்க வேணாமாம்."

ஆறடி தள்ளி புகழ்வேந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு. மே மாதம் பார்த்த அதே சிரிப்பு. சுகன்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மவுஸை எடுத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க பாய்" என்றாள்.

மாலிக் திருப்பிச் சொன்னார்.

அன்று பஸ்ஸில் பாகூர் போகிறவரை அவள் திட்டம் போட்டாள். முப்பது நாள் என்றால் ஜனவரி பதினொன்று வரை நேரம் இருக்கிறது. ஐந்தாம் தேதி திங்கட்கிழமை உலகநாதன் கூட்டத்தில் இருப்பார். மெஷின் வர மூன்று நாள்தான் இருக்கும். அப்போது எழுந்து, இவர் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி அறுப்பு முறையையே நிறுத்தி வைத்திருக்கிறார், இருபத்து நாலு நாளாக இவருக்கே தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அங்கேயே பட்டனை அமுக்கி எழுப்பிக் காட்ட வேண்டும். மே மாதத்துக்கு அதுதான் சரியான பதில். நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. மனசு சஞ்சலப்பட்டபோதெல்லாம் அறிவிப்பைத் திறந்து பட்டன் இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். கிறிஸ்துமஸ் லீவிலும் போனில் திறந்து பார்த்தாள். அப்பா வயலிலிருந்து வந்து ஒன்பதாம் முறை ஒன்பதாம் முறை என்று முணுமுணுத்தபடி கால் கழுவும்போது மட்டும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாம் தேதி வரைக்கும்தானே என்று தேற்றிக்கொண்டாள்.

ஐந்தாம் தேதி வந்தது. சுகன்யா எழுந்தாள். மனப்பாடம் செய்ததை ஒரு வார்த்தை விடாமல் உலகநாதனைப் பார்த்துச் சொன்னாள். உலகநாதனின் முகம் மாறியது. புகழ்வேந்தன் நிமிர்ந்தான், அவன் முகத்திலும் ரத்தம் இல்லை. அந்த ஒரு நிமிஷம், எட்டு மாதத்துக்கும் சேர்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு சுவரில் எல்லாரும் பார்க்க அறிவிப்பைத் திறந்து பட்டனை அமுக்கினாள்.

இந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று வந்தது.

மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே வரி. டிசம்பர் இருபத்தாறிலேயே அழிந்துவிட்டது, நகலோடு சேர்த்து. அழிந்த தகவல் நிறுத்தியவனுக்கு மட்டும்தான் போகுமாம். அவனுக்கு அது வந்திருந்தது, கூடவே மாதம் மூவாயிரத்து நானூறு ரூபாய் மிச்சம் என்று ஒரு நட்சத்திரமும்.

உலகநாதன் இருவரையும் பார்த்தார். புகழ்வேந்தன் அவளிடம் பேசவில்லை. மாலிக்கைப் பார்த்தான்.

"பாய், அறிவிப்ப யார் பாத்தாங்கன்ற பதிவக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

மாலிக் தயங்கித் தயங்கித் திறந்தார். டெஸ்ட்-2 அறிவிப்பு. திறந்தவர் சுகன்யா. டிசம்பர் பன்னிரண்டு, காலை பத்து நாற்பது. டிசம்பர் பதிமூன்று. பதினைந்து, இரண்டு தடவை. பத்தொன்பது. இருபத்தைந்து, மூன்று தடவை. இப்படியே போய் மொத்தம் பதினோரு முறை. எதிரே, பதில் என்ற கட்டத்தில், பதினோரு தடவையும் 'இல்லை' என்று இருந்தது.

ஊரில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் அதற்குச் சாட்சி கிடையாது. நான் பார்க்கவில்லை, காதில் விழவில்லை என்று காலம் முழுக்கச் சாதிக்கலாம். சுப்புராயன் பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் சாதித்தார். கங்காணியோ அவள் வாய் மூடியிருந்ததை நாள், மணி, நிமிஷத்தோடு எழுதி வைத்திருந்தது.

"மெஷின் வர்றதுக்கு மூணு நாள் இருக்குது. நூத்தி எம்பத்தாறு குடும்பம்" என்றார் உலகநாதன். குரலை உயர்த்தவில்லை. "அவன் தெரியாம அடைச்சான். நீ தெரிஞ்சே பாத்துகினு இருந்திருக்க."

நகலும் சேர்ந்து அழிகிற வெர்ஷனைப் போட்ட புகழ்வேந்தனைப் பற்றி ஏதோ சொல்ல சுகன்யா வாயெடுத்தாள், யாரும் கேட்கவில்லை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தேவலாம். மாலிக்கும் அவளும் உட்கார்ந்து எல்லா விவசாயிகளுக்கும் போன் போட்டு நட்ட தேதியைக் கேட்டு வரிசையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றார் உலகநாதன். கேட்டார்கள். பதிவு அழிந்த விஷயம் அதற்குள் திருக்கனூர் வரை போய்விட்டிருந்தது. எல்லாருமே ஒரு வாரம் முன்னாலேயே நட்டவர்களாகிவிட்டார்கள். ஒருத்தர் நட்டதாகச் சொன்ன நாளில் ஏரி மதகே திறக்கவில்லை. பதிவை அழித்ததே சொந்தக்காரர்களை முன்னால் தள்ளத்தான் என்று ஒரு ஆள் போனிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்பாவை ஒன்பதில் போட்டால் ஊர் சும்மா விடாது. தொண்ணூறில் போட்டாலும் சும்மா விடாது. எல்லாருக்கும் கீழே, நூற்று எண்பத்தாறாவதாகத் தன் கையாலேயே அப்பா பெயரை எழுதினாள். ஆறடி தள்ளி இருந்த புகழ்வேந்தன் அதைப் பார்த்தான்.

பொங்கல் கழிந்து ஆறாம் நாள் கிழக்கே வானம் கறுத்தது. சுகன்யா லீவு போட்டுவிட்டு வயலுக்குப் போனாள். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நிலத்தில் பெல்ட் வண்டி கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அப்பாவின் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. இன்னும் இரண்டு நாள் மழை நின்று பெய்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். பக்கத்தில் சுப்புராயன் அறுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

டிரைவர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்க இறங்கினான். அவளைப் பார்த்து வரப்போரம் வந்தான்.

"இந்த நெலத்துக்காரருக்கு ஏழு மணி நேரம் போட்டிருக்குது. அஞ்சுலயே முடிஞ்சி போச்சு. மிச்சம் ரெண்டு மணி இவரோடதுதான். இவர் ஒரு வார்த்த சொன்னா போதும்மா, வரப்ப வெட்டி அப்படியே எறக்கிடறேன்" என்றான்.

பெரியப்பா இருபது தப்படி தூரத்தில் பைக் பக்கத்தில் நின்றிருந்தார். சுகன்யா அப்பாவிடம் போனாள். பெரியப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்கும்படி கெஞ்சினாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீஸ்ல அவனாண்ட நீ வாயே தொறக்கலியாமே. பதினோரு வாட்டி பாத்தும் ஒரு வார்த்த கேக்கலியாமே."

தலை குனிந்தாள். அறை விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லா பண்ண" என்றார் சுப்புராயன். முகத்தில் உண்மையிலேயே பெருமை. "நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் பொண்ணு நீ."

வாழ்க்கையில் அப்பா அவளைப் பாராட்டியது மூன்றோ நான்கோ தடவை இருக்கும். அவர் நெல் போகப்போகிறது, அது தெரிந்தே பாராட்டுகிறார். இந்த வரப்பில் இன்னும் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தானும் இப்படியே முதுகைக் காட்டி நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். பயமாக இருந்தது. அப்பா மேல் கோபமும் வந்தது. தன் மேல் வந்தது அதைவிட அதிகம்.

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டி உறுமியது. அவள் வரப்பில் ஓடினாள்.

"பெரியப்பா" என்று கத்தினாள். "பெரியப்பா, ரெண்டு மணி நேரம் வுட்டுக் குடுங்க. எங்க நெல்லு போயிடும்."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வரப்பைத் தாண்டிப் போன முதல் பேச்சு அதுதான். பின்னால் அப்பா முதுகைக் காட்டியபடியே ஏதோ அதட்டினார், அவள் காதில் வாங்கவில்லை. மறுபடியும் கத்தினாள். டிரைவருக்குக் கேட்டுவிட்டது. வண்டியை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பெரியப்பாவைப் பார்த்தான்.

பெரியப்பாவுக்கும் கேட்டது. அவர் அவளை நேராகவே பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற தம்பியின் முதுகைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். போகலாம் என்று டிரைவருக்குக் கை காட்டிவிட்டு பைக்கை உதைத்தார். வண்டி மேட்டில் ஏறி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

முதல் தூறல் அவள் கையில் விழுந்தபோது போன் அடித்தது. திரையில் புகழ்வேந்தன் பெயர். எட்டு மாதத்தில் முதல் தடவையாக மாலிக் இல்லாமல் அவனே கூப்பிடுகிறான். பின்னால் அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவன் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.